கருப்பட்டி ஒரு சாக்கு

சயான், பம்பாய்
12-8-1967

அன்புள்ள அப்பாவுக்கு, தனசீலன் வணக்கமாய் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் சுகமே. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இதயத் துடிப்பைத் தாளில் கோடாக வரையும் இயந்திரத்தை மாணவர்கள் நாங்களே செய்து முடித்துவிட்டோம். போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கரண்டில் ஓடுவதாயிற்றே, யார் முதலில் படுப்பது என்று எல்லோரும் தயங்கி நின்றோம். டாக்டர் சபனிஸ் என்ற மராத்திய அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். "பஹிலே மேரா தேகோ" என்றார். முதலில் என்னுடையதைப் பார் என்று அர்த்தம். சுவிட்சைப் போட்டது நான். கோடு அழகாக விழுந்தது. அப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. அவரிடமே ஆராய்ச்சி செய்ய உபகாரச் சம்பளத்தோடு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது.

அம்மா, கருப்பட்டி தீர்ந்துவிட்டது. பார்சலில் வந்தால் மழைக்கு இளகிவிடுகிறது. யாராவது நேரில் கொண்டுவந்தால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பேச்சுத்துணைக்கும் ஆளில்லை.

பின்பக்கம், அப்பாவுக்கு மட்டும் (அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்):

கருப்பட்டி வெறும் சாக்கு. கோயில் படி ஏறியதும் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதே, அதைக் கேட்டால் "எல்லாம் வாயுதாம்ல" என்று சிரிக்கிறாள். நான் நம்பவில்லை. பரிசோதனை என்று மூச்சு விடாதீர்கள். மகன் செய்த இயந்திரத்தைப் பார்க்கலாம் என்று சொல்லி ரயிலேற்றிக் கூட்டி வாருங்கள். டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கட்டிலைப் பார்த்து அம்மா பயந்தால் கவலைப்படாதீர்கள். இந்தத் தடவை முதலில் நான் படுத்துக் காட்டுகிறேன்.

தனசீலன்