இரத்தோட்டை ரோட்டுப் படம்

செவ்வாய், இரவு.

காலையில் கொட்டுகிற மழை. எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இரத்தோட்டை ரோட்டில் பாதியை மண் மூடியிருந்தது. இன்று எடுத்ததாம். ரோட்டு முழுதாக மூடுவதற்குள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை அனுப்பிவிடச் சொன்னார் பள்ளிக்கூட அதிபர். நானும் பைகளை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

சர்மிளா எழும்பவில்லை. எதைச் சொன்னாலும் "அது எப்படி டீச்சர் தெரியும்?" என்று என் உயிரை வாங்குகிற பிள்ளை. எரிச்சலோடு படத்தைக் காட்டினேன்.

"டீச்சர், இதுல நாங்க பஸ் ஏறுற ஹோல்ட் இருக்குங்க. அத போன வருஷமே இடிச்சிட்டாங்க. இது பழைய படம்."

அதிபரிடம் ஓடினேன். அவர் அந்த ரோட்டில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டருக்குப் போன் பண்ணினார். "இப்பதான் சேர் அதால வந்தோம். ரோட்டு நல்லாத்தான் இருக்கு."

அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகளின் ஊருக்குத் திரும்பிப் போகப் பஸ்ஸும் இல்லை. அனுப்பியிருந்தால் சின்னதுகள் மழையில் நின்றிருக்கும். வீட்டில் எல்லாரும் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்கப் போயிருப்பார்கள்.

குழுவில் பாடம் நடத்துகிறவர்கள் இருபது பேர் இருக்கிறோம். ஒருவரும் அந்தப் படத்தை உற்றுப் பார்க்கவில்லை.

நாளைக்கும் சர்மிளா கேட்பாள். நாளைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கேட்கட்டும்.