ஐந்தாவது சுற்றில் உன்னைப் பார்த்தேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இருமல்தான் விட்டபாடில்லை, குளியலறைக் குழாயும் அப்படியே ஒழுகிக்கொண்டிருக்கிறது. உன் சுகத்தை மட்டும் இந்தத் தடவை விசாரிக்கப் போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரம் உன்னை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாய், முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாய், நீலச் சட்டை எடுப்பாக இருந்தது. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துவிடாதே, விஷயத்தைச் சொல்கிறேன். போனில் சொன்னால் நீ வழக்கம்போல் “ம்... ம்... சரிம்மா” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மாவின் மகளை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர்கள். ஒரு பல் மருத்துவரிடம் போன் எடுத்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை பார்த்தாள், டாக்டர் ஓய்வெடுக்கப் போய்க் கடையை மூடியதும் இவளும் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது, தம்பி இன்னும் படிக்கிறான். அப்போதுதான் ஒரு கம்பெனி விளம்பரம் பார்த்தாள், வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் குறை கேட்கும் வேலை. இளைஞர்களே எங்கள் சொத்து என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்களாம். அந்தச் சொத்தைச் சேர்க்க ஆறு சுற்று. முதல் சுற்றில் மனுஷரே கிடையாது, காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தன்னைப் பற்றிப் பேச வேண்டும், சிரிப்புக்கு மிஷின் மார்க் போடுமாம். பாவம், நம் வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று நின்று சிரித்துப் பழகினாள், அப்பா அதைப் பார்த்துவிட்டு இந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நர்ஸம்மாவைத் தேடி மாடிக்கு ஓடினார். அடுத்தது கணக்குப் புதிர். அதற்கடுத்து, கோபத்தோடு வருகிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு முழுத் திட்டமே எழுதி வாங்கிக்கொண்டார்கள், காசு தராமல் சும்மாதான். நான்காவதில் அவளைப் போன்ற ஐந்தாறு பேரை ஒன்றாக விட்டு யாருக்குத் தலைமைப் பண்பு இருக்கிறது என்று பார்த்தார்களாம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லையாம், ஆனாலும் தேறிவிட்டாள்.

ஐந்தாவது சுற்றுக்கு மாடியில் சிக்னல் நிற்காது என்று நம் முன்னறைக்கு வந்தாள். பின்னால் ஒரு பொருளும் தெரியக்கூடாது என்று கம்பெனி உத்தரவு. நம் சுவரில் இருப்பது உன் போட்டோக்களும் உன் நீச்சல் கோப்பையும்தான், வெள்ளைப் படுக்கை விரிப்பைத் துணி கிளிப் போட்டு மாட்டி எல்லாவற்றையும் மறைத்தேன். ஆன்ட்டி, பயமா இருக்கு, நீங்க இங்கயே இருங்க என்று அவள் கெஞ்சியதால் காமிராவில் விழாத மூலையில் பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் கம்பெனிப் பெயரை எத்தனை தடவை சொல்லியும் என் வாயில் நுழையாதது என் தப்புதான், அதனால் அவள் சொன்னபோதும் அது உன் கம்பெனி என்று பிடிபடவில்லை. திரையில் முகம் வந்தது, பார்த்தால் நீ! கிண்ணத்தைக் கீழே போடாமல் பிடித்ததே பெரிய காரியம். கண்ணு என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன், கூப்பிட்டால் அவள் வேலை கெட்டுப்போகுமே என்று அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் அப்பா இருமினார். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு, அமைதியான இடத்தில் உட்காருவதுதான் தொழில் மரியாதை என்றாய். பெற்ற அப்பனின் இருமலடா அது.

அப்புறம் நீ கேட்ட கேள்விகள் இருக்கிறதே! நீங்கள் ஒரு மிருகமாக இருந்தால் என்ன மிருகமாக இருப்பீர்கள் என்றாய். அவள் பயந்துபோய் யானை என்றாள், ஏன் யானை என்று அதற்கும் விளக்கம் கேட்டாய். வேலைக்கு உனக்கு மனுஷர்தானே வேண்டும்? ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று வேறு கேட்டாய், நீயே போன ஐந்து வருஷத்துக்குள் மூன்று கம்பெனி மாறிவிட்டாய். அவள் தயங்கித் தயங்கிச் சம்பளம் எவ்வளவு என்றதும், கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பாருங்கள், பணத்தைப் பார்க்காதீர்கள் என்று ஒரு பிரசங்கம். போன கம்பெனியை நீ எதற்கு விட்டாய் என்று எனக்குத் தெரியாதா? கடைசியில் எங்க ஆபீஸ் ஒரு குடும்பம் மாதிரி என்றாய் பார், சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்துக்காவது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணு.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். நடுவில் அவள் ஒரு விஷயம் சொன்னாள். பல் மருத்துவரிடம் இருந்தபோது ஒரு பெரியவர் தினமும் போன் போட்டுப் பல்செட் வலிக்கிறது என்று கத்துவாராம், மற்றவர்கள் எடுக்காமலே விட்டுவிடுவார்களாம். இவள் மட்டும் பொறுமையாக விசாரித்ததில், மனிதர் இரவிலும் செட்டைக் கழற்றாமல் தூங்குகிறார் என்று தெரிந்ததாம். கழற்ற வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லையாம். நீ ஆள் தேடுகிற வேலையே இதுதானே? அவள் சொல்லச் சொல்ல உன் கண் இடது பக்கம் போனது, விரல் எதையோ தட்டியது, “ம்... ம்... குட்” என்றாய். முடிந்த கையோடு, கோபமான வாடிக்கையாளரைச் சமாளித்த அனுபவம் ஏதாவது உண்டா என்று கேட்டாய். அவள் அதையே சுருக்கி மறுபடியும் சொன்னாள், குரல் உள்ளே போய்விட்டது. அந்த “ம்” எனக்குப் பழகிப்போன “ம்”. எனக்கு வயதாகிவிட்டது, நான் பொறுத்துக்கொள்வேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

நீ திரையிலிருந்து போனதும் படுக்கை விரிப்பை இறக்கிச் சுவரில் உன் போட்டோக்களைக் காட்டினேன். எழுந்தவள் மறுபடியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே ஆறாவது சுற்று தேவையில்லை, குடும்பத்துக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பிவிட்டீர்கள். இதற்கிடையே தண்ணீர் பம்பு விற்கும் கடையிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். கடைக்கார அம்மாள் நாற்காலியைக் காட்டி, சம்பளத்தைச் சொல்லி, வீட்டுக்குப் போகும் நேரத்தையும் சொல்லிவிட்டு, உனக்கு ஏதாவது கேட்கணுமா என்றாராம். உங்கள் கம்பெனிச் சம்பளம்தான் அதிகம், அதனால் இரண்டு நாளாய் அவளுக்குத் தூக்கம் இல்லை. நேற்று என்னிடம் வந்தாள். ஆன்ட்டி, உங்க பையன்னு பாக்காம சொல்லுங்க, அவர்கீழதான் எனக்கு வேலை, தெரியலைன்னு போய் நின்னா காது குடுத்துக் கேப்பாரா என்றாள்.

உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆள் கிடைத்தால் விடுவேனா. பொய் சொல்ல மாட்டான், யாரையும் ஏமாற்ற மாட்டான், எனக்குக் கண் ஆபரேஷன் பண்ணி வைத்து ஒரு மாதம் தன் கையால் சொட்டு மருந்து போட்டவன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அது சரி ஆன்ட்டி, கேப்பாரா என்றாள். உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை. அப்பா உள்ளேயிருந்து, பெத்த பிள்ளைக்கு வர்ற ஆளையே கலைக்கிறியே என்று கத்தினார். கத்தட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன்னிடம் வேலை பார்க்கிறவர்களும் அப்படியே இருக்க வேண்டும். அடுத்த பிள்ளை வந்து உட்காரும்போது விரலைத் தட்டாமல் முகத்தைப் பார். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. அந்தப் பெண்ணிடமிருந்து இதற்குள் உனக்குப் பதில் வந்திருக்கும், சொந்தக் காரணங்களால் சேர முடியவில்லை என்று எழுதியிருப்பாள். அவள்மேல் வருத்தப்படாதே, வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

இப்படிக்கு,
உன்மேல் பாசம் கொஞ்சமும் குறையாத,
அம்மா