வெங்காயக் கொட்டகையின் முன்-பின் படங்கள்

ஜூன் 3, திங்கள்

புது மேனேஜர் மணிவண்ணன் சார் எங்கள் எல்லாப் பிரிவு மேற்பார்வையாளர்களையும் கூப்பிட்டார். இனி வாரம் ஒரு மேம்பாடு காட்ட வேண்டுமாம். முன்னால் எப்படி இருந்தது என்று ஒரு படம், பின்னால் எப்படி ஆனது என்று ஒரு படம். காட்டாத பிரிவை மூடி அரியலூர் கிடங்கோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே வெங்காயம் தரம் பிரிக்க மிஷின் வந்துவிட்டது. அப்படியென்றால் என் கொட்டகைப் பெண்களுக்கு வேலை?

ஜூன் 8, சனி

கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வெங்காயம் வருகிறது, பிரிக்கிறார்கள், எடை போடுகிறார்கள், லாரியில் ஏறுகிறது. எதைத் திருத்துவது? சரியாக இருப்பது குற்றமா?

ஜூன் 10, திங்கள்

தரம் பிரிக்கும் பெண்களுக்குத் தலைவி இருசம்மாள் அக்காவிடம் புலம்பினேன்.

"முன்னாடிப் படந்தானே மேடம் இல்ல? அதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று இரண்டு கூடையை எட்டி உதைத்தார். வெங்காயம் தரையெங்கும். "ஏய் பூமாலை, சாக்கு மேல படுடி. வூட்டுல தூங்குற மாதிரியே வாயத் தொறந்துக்க."

படம் எடுத்தேன். அரை மணியில் எல்லாம் பழையபடி. அதையும் எடுத்தேன்.

சார் பாராட்டினார்.

ஜூன் 24, திங்கள்

மாட்டிக்கொண்டேன். மேம்பாடு வாராவாரம் பெரிதாக வேண்டுமாம். அப்படியானால் அலங்கோலமும் பெரிதாக வேண்டுமே! இன்று தராசைக் கவிழ்த்து, ஆட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய ஆட்டைக் கொட்டகைக்குள் விட்டோம். படம் முடிந்தும் அது வெளியே போக மறுத்தது. லாரி தாமதம். என் காலத்தில் முதல் தாமதம். 'மேம்பாட்டுப் பணி காரணமாக' என்று எழுதி அனுப்பினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை — அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

சார் நேரில் வந்தார். வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்களாம். முன்னால் இருந்த நிலையை நேரிலேயே காட்ட வேண்டுமாம். பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"சார், அதெல்லாம் நாங்களே கலைச்சுப் போட்டதுங்க."

"தெரியும்மா. மத்தப் பிரிவெல்லாம் வேற என்ன பண்றாங்கன்னு நெனச்சீங்க? ஆனா ஆடு யாருக்கும் தோணல பாருங்க."

ஆட்டுக்காரரைத் தேடிப் போனேன்.

ஜூலை 22, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. எங்கள் பிரிவை மூடவில்லை. வேலைப்பளு கூடியதால் புதிதாக ஒரு ஆளும் தந்திருக்கிறார்கள். சின்னம்மாள் என்று பெயர், ஊர் சிறுவாச்சூர். திங்கள்தோறும் கலைத்துப் போடுவது மட்டும்தான் அவருக்கு வேலை.

முதல் நாளே கூடைகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டார். திட்டிவிட்டேன்.