அம்மாவும் வேலைக்குப் போகிறாள்

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. கடிக்க என் தோள்தான் வேண்டுமாம்.

அடுத்த மாதம் நான் பாலம் கட்டும் வேலைக்குத் திரும்ப வேண்டும். தலைமைப் பொறியாளர் கூப்பிட்டு, "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வெயில்ல எதுக்கும்மா? ஆபீஸ்ல உக்காந்து பில் பாருங்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார், அதனால்தான் மறுக்க வாய் வரவில்லை. என் இடத்துக்கு ஆளும் பார்த்துவிட்டார்கள்.

நீ வந்து ஒரு வருடம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் தப்பிப்பேன். கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்த வேலையைத்தானே விட வேண்டும்? நீ வருவாய் என்று தலைமைப் பொறியாளரிடம் சொல்லிவிட்டேன்.

உன் குட்டிம்மா

ஜூன் 11

குட்டிம்மா,

பல் முளைத்த சேதியை இங்கே ஊருக்கே சொல்லியாகிவிட்டது. நேற்று என்னிடம் கார் ஓட்டப் பழகும் வக்கீல் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்து, காரைப் புதருக்குள் விட்டுவிட்டு, "மேடம், புதர் மேலயும் தப்பு இருக்கு" என்று வாதாடினார்.

நான் வரமாட்டேன்மா.

நீ பிறந்தபோது தபால் ஆபீஸ் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. எல்லோரும் "பாவம்" என்றார்கள், அவ்வளவுதான். மறுபடி ஒரு வேலை கிடைப்பதற்குள் உனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இதையும் விட்டால் இந்த வயதில் என்னை யார் கூப்பிடுவார்கள்? "அந்த வேலையைத்தானே" என்று எழுதியிருக்கிறாய். உன் அதிகாரியும் உன் வேலையை அப்படித்தான் நினைக்கிறார்.

மாப்பிள்ளையிடம் கேட்டாயா? கேட்டிருந்தால் எழுதியிருப்பாய்.

நீயும் விடாதே.

அம்மா

ஜூலை 20

அம்மாவுக்கு,

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

உன் மாப்பிள்ளையிடம் கேட்டேன். காலை ஷிப்ட் கேட்கப் போனவரிடம் மேனேஜர், "ஏம்ப்பா, வீட்ல பொம்பளை இல்லையா?" என்று சிரித்தாராம். அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் திரும்பப் போய்க் கேட்டு வாங்கிவந்தார். இப்போது மதியம் வரை காப்பகம், அதற்கு மேல் இவர்.

நான் தலைமைப் பொறியாளரிடம், "பில் பாக்க மாட்டேன் சார், பாலத்துக்கே போறேன்" என்று சொல்லி எழுதியும் கொடுத்தேன். அவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சனிக்கிழமை தூணுக்குக் கான்கிரீட் போட்டோம். ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. இருட்டும் நேரத்தில் இவர் போன் செய்தார். பின்னால் குழந்தை வீறிட்டு அழுதாள். வரச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன்.

"காய்ச்சல் மருந்து எங்க வச்சிருக்க?" என்றார். "சொல்லிட்டு நீ வேலையப் பாரு."

சொன்னேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேலே ஏறினேன்.

உன் குட்டிம்மா