டாக்டரைப் பெற்றவள்

தமன்ஹூர்
18 அக்டோபர் 1986

என் கண்ணின் ஒளி நிஹாலுக்கு,

ஸலாமும் முத்தங்களும். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த செய்தி அப்பாவின் ரயில்வே நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. உன் கையால் ஒரு வரி இல்லை. அஸ்யூத்தில் தாள் கிடைக்காதா, அல்லது அம்மாவுக்கு எழுத மனம் வரவில்லையா?

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முதுகுவலி. டிக்கெட் கவுண்டரில் புது நாற்காலி கேட்டிருக்கிறார், வந்தபாடில்லை. என் வகுப்பில் இந்த வருஷம் பிள்ளைகள் அதிகம், நைல் நதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். உன் கட்டிலில் இப்போது நான் துணி மடித்து வைக்கிறேன். வெறுமையாகக் கிடந்தால் பார்க்க முடியவில்லை.

தெருவில் உன்னைக் கேட்காதவர்கள் இல்லை. மொச்சை விற்கும் ஹஸனைன் நேற்றும், "டாக்டரம்மாவுக்கு அந்த ஊர் சாப்பாடு ஒத்துக்குதா?" என்றார். கீழ்வீட்டு வகீதா என்னை இப்போதெல்லாம் "டீச்சர்" என்று கூப்பிடுவதில்லை. மாடிப்படியில் பார்த்தால், "டாக்டரைப் பெத்தவளே, வாம்மா" என்கிறாள். நான் சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். ஆனால் அன்று எனக்கு வேறு என்ன வழி இருந்தது, சொல். உன் மதிப்பெண் போன வருஷக் கட்-ஆஃபுக்கு மேலே இருந்தது. மருத்துவம் உறுதி என்று எல்லோரும்தான் சொன்னார்கள். தேர்வு முடிவு வந்ததும் பால்கனியில் நின்று குலவையிட்டேன், தெருவுக்கே சர்பத் கொடுத்தேன். இந்த வருஷம் கட்-ஆஃப் ஏறும், நீ அரை மதிப்பெண்ணில் வெளியே நிற்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? குடித்த சர்பத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

அலெக்சாந்திரியாவில் நிலவியல் படிக்கத்தான் உனக்கு ஆசை. ஆனால் அது ஒரு மணி நேர ரயில். நம் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் தினமும் அதில்தான் போய் வருகிறார்கள். அறிவியல் கல்லூரி வாசலில் உன்னை ஒருவர் பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் இரண்டாம் சுற்று விருப்ப அட்டையில் கல்லூரிப் பெயர்ச் சீட்டுகளை ஒட்டும்போது அஸ்யூத்தை மேலே ஒட்டினேன். படிப்பு அதே படிப்புதானே, கண்ணே? ஊர்தானே தூரம்?

பதில் எழுதும்போது உறையின் பின்னால் கல்லூரிப் பெயரைப் போடாதே. தபால்காரர் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

உன் அம்மா,
இன்ஷிராஹ்


அஸ்யூத், மாணவியர் விடுதி
3 நவம்பர் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கைகளை முத்தமிடுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். தாள் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

அறையில் நாங்கள் நான்கு பேர். ஒருத்தி சோஹாகிலிருந்து வந்தவள், வெயிலில் உலர வைத்து எடுத்த ரொட்டி மூட்டையோடு வந்திருக்கிறாள். முதல் கடியில் பல் போய்விடும் என்று பயந்தேன், இப்போது அது இல்லாமல் தேநீர் இறங்குவதில்லை. என் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். "வடக்கத்திப் பொண்ணு பேசுறது பாட்டு மாதிரி இருக்கு, இன்னொரு தடவ சொல்லுடி" என்று நச்சரிக்கிறார்கள்.

ஆய்வகத்தில் போன வாரம் படிகங்களைப் பார்த்தோம். சாதாரண உப்புதான் அம்மா, ஆனால் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் ஒவ்வொரு துணுக்கும் சதுரம். யாராவது சொல்லிக் கொடுத்தது மாதிரி. இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். பிறகு, சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ என்று விட்டுவிட்டேன்.

இங்கே வரும்போது ரயிலில் நடந்ததைக் கேளுங்கள். அப்பாவின் நண்பர் ஸப்ரி மாமாதான் அந்த வண்டியில் கார்டு. மின்யா தாண்டியதும் அடுத்த பெட்டியில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார். மாமா ஓடி வந்து, "ஏ டாக்டரம்மா, எழுந்து வா! கடவுள்தான் உன்ன இந்த வண்டியில ஏத்தியிருக்கார்" என்று கையைப் பிடித்து இழுத்தார். "மாமா, நான் இன்னும் ஒண்ணுமே படிக்கல" என்றேன். "அட, எங்க எல்லாரையும் விட நாலெழுத்து அதிகம் தெரியும்ல, வா" என்றார்.

பெட்டி முழுக்க விலகி வழி விட்டது. நான் அவருடைய சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, சர்க்கரை கலந்த தண்ணீரைக் கொடுத்தேன். அவருடைய மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொழைச்சுக்குவாரா, டாக்டரம்மா?" என்றார். நான் தலையாட்டினேன், அம்மா. எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் தலையாட்டினேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அஸ்யூத் வரும்வரை வெளியே வரவில்லை.

அப்பாவின் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
நிஹால்


தமன்ஹூர்
21 நவம்பர் 1986

கண்ணே நிஹால்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ரயில் கதை இங்கே வந்துவிட்டது. ஸப்ரி அப்பாவிடம் சொல்ல, அப்பா பேசாமல் இருக்க, ஸப்ரியே தேநீர்க் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கடையில் சொன்னபோது பெரியவர் மயங்கினார், அவ்வளவுதான். கதை தெருமுனைக்கு வரும்போது அவருக்கு மூச்சே நின்றிருந்தது. எதிர்வீட்டு ஷவ்கியின் அம்மா தெருப் பெண்களோடு என் வீட்டுக்குள் வந்து, "செத்தவர எழுப்பிட்டாளாமே உன் மவ! என் ஷவ்கியும் இருக்கானே, வணிகவியல் படிக்கிறேன்னு, ஒரு கொசுவ எழுப்ப மாட்டான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலே இரண்டு வார்த்தை சேர்த்தும் சொன்னேன். அதை உன்னிடம் மறைக்கக் கூடாது.

அவர்கள் போன பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். கழிவறைத் தாழ்ப்பாள் வரி வந்தபோது தாளை மூடி வைத்துவிட்டேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உப்புத் துணுக்கு சதுரம் என்பதை என் வகுப்பில் சொன்னேன். என் மகள் எழுதினாள் என்று சொல்லவில்லை. எங்கோ படித்ததாகச் சொன்னேன்.

அரையாண்டு விடுமுறைக்கு வா. வாத்து சமைக்கிறேன். வகீதா உன்னைப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள், என்ன விஷயமென்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அம்மா


அஸ்யூத்
14 பிப்ரவரி 1987

அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தேன். வாத்துக்கு நன்றி, அறைத் தோழிகள் எலும்பைக்கூட விடவில்லை.

விடுமுறையில் ஒரு நாள் வகீதா அத்தையோடு அலெக்சாந்திரியாவுக்கு ஏன் போனேன் என்று ரயில் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். துணி வாங்க என்று சொன்னேன். அது பொய். உண்மையை அத்தைதான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

நான் இப்போது எழுதப்போவதைப் பொறுமையாகப் படியுங்கள். கோடையில் பல்கலைக்கழகம் மாறுவதற்கு விண்ணப்பம் கொடுக்கலாம், படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டால் நான் அலெக்சாந்திரியாவுக்கு வந்துவிடலாம். வீட்டிலிருந்தே போய் வரலாம். வர ஆசையாக இருக்கிறது. ஆனால் டாக்டராக வர மாட்டேன். இனி அந்தத் தெருவில் யாராவது என்னை அப்படிக் கூப்பிட்டால் என்னால் திரும்பிப் பார்க்க முடியாது.

நான் வருவதற்கு முன் நீங்கள் அவர்களிடம் சொல்ல வேண்டும். அப்பா அல்ல, நீங்கள். முடியாதென்றால் நான் கோடையில் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

நிஹால்


தமன்ஹூர்
2 மார்ச் 1987

நிஹாலுக்கு,

பெற்றவளுக்கு நிபந்தனை போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டாய். நல்லது.

நான் யாருக்காகச் செய்தேன்? எனக்காகவா? சரி, எனக்காகவும்தான். இருபது வருஷமாக இந்த ஊரில் டீச்சராக இருக்கிறேன். என்னிடம் படித்த பெண்களின் பிள்ளைகளே இப்போது என்னிடம் படிக்கிறார்கள். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் போய், நான் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? தலைமையாசிரியை என்னை மாணவிகளுக்கு உதாரணமாகக் காட்டுகிறாள், தெரியுமா?

ஒரு யோசனை. கோபப்படாமல் கேள். மருத்துவத்தில் சேர்ந்தாய், பிணத்தை அறுக்கும் வகுப்பில் மயங்கி விழுந்தாய், ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அறிவியலுக்கு மாறி அலெக்சாந்திரியாவுக்கே வந்துவிட்டாய் என்று சொல்லலாம். எத்தனையோ பெண்களுக்கு நடப்பதுதான். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பாவம் என்றுதான் சொல்வார்கள். உனக்கு அலெக்சாந்திரியாவும் கிடைக்கும், என்னாலும் தலை நிமிர்ந்து நடக்க முடியும்.

யோசித்து உடனே எழுது.

அம்மா


தமன்ஹூர்
12 மே 1987

என் மகள் நிஹாலுக்கு,

மார்ச் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதாதது சரி. அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்றே திரும்ப வாங்கிவிட முடியுமா என்று நினைத்தேன்.

வகீதாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மார்பில் கட்டி. உடம்புக்கு முடியாமல் அலெக்சாந்திரியாவில் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். போன வாரம் வீட்டுக்கு வந்தாள். நோன்பு திறந்த பிறகு நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது தனியாக இருந்தாள். என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, நீ வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறாள், நிஹால். நம் வீட்டில் ஒரு டாக்டர் இருக்கிறாள் என்று நம்பிக் காத்திருந்திருக்கிறாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னிடம் காட்டியபோது நீ அழுதாயாம். "அத்தை, நான் டாக்டர் இல்ல. நான் கல்லு மண்ணப் பத்திப் படிக்கிறேன். இது என்னன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்ககிட்ட நாளைக்கே போகலாம்" என்றாயாம். வகீதா சொன்னாள்: "அலெக்சாந்திரியாவுல பெரிய டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இவ்வளவு நாள் ஏன் வரலன்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. நீ அஸ்யூத்துக்குத் திரும்பிய பிறகும், ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை, மாடிப்படியில் என்னைப் பார்த்தபோதெல்லாம் "டாக்டரைப் பெத்தவளே" என்றுதான் கூப்பிட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டே. ஏன் அப்படிக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். "நாலு பேரு பாத்துக்கிட்டு இருக்கும்போது திடீர்னு நிறுத்தினா உனக்குத்தானே அசிங்கம்?" என்றாள்.

நேற்று பெண்கள் எல்லோரும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். அறை நிறைய ஆட்கள். ஷவ்கியின் அம்மா என் தோளில் கை போட்டு, "இவ மவதான் கண்டுபிடிச்சாளாம்! முதல் வருஷத்துலயே இப்படின்னா, முடிச்சுட்டு வந்தா என்ன ஆகும்!" என்றாள். வகீதா படுக்கையிலிருந்து என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

சொல்லிவிட்டேன். அழகாகச் சொல்லவில்லை. "அவ டாக்டருக்குப் படிக்கல. சீட்டு கிடைக்கல. நான்தான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யாலதான் வகீதா காத்துக்கிட்டு இருந்தா" என்றேன். குரல் வகுப்பில் பாடம் நடத்துவது மாதிரி வந்தது. அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

ஷவ்கியின் அம்மா என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்ப ரயில்ல செத்தவரு?" என்றாள். யாரோ சிரித்துவிட்டார்கள். "பசி மயக்கம்" என்றேன். "அடிப்பாவி, என் புள்ளய நீ என்னெல்லாம் பேச வச்ச! அவன் மூஞ்சியப் பாத்து, நீ ஒரு கொசுவ எழுப்ப மாட்டடான்னு சொன்னேனே" என்றாள். அவள் சொன்னதில் விளையாட்டு இல்லை. எழுந்து போய்விட்டாள். இன்று காலை எதிரே பார்த்தும் ஸலாம் சொல்லவில்லை. ஹஸனைன் வழக்கம்போல் மொச்சை அளந்து கொடுத்தார், உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். இதோடு வைத்திருக்கிறேன். உன் கட்டிலைக் காலி செய்து துடைத்து வைத்தாயிற்று. வா, நிஹால்.

இன்ஷிராஹ்


அஸ்யூத்
9 ஜூன் 1987

என் அன்பு அம்மாவுக்கு,

பெருநாள் வாழ்த்துகள். உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். வகீதா அத்தைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ரயிலில் நானும் தலையாட்டினேன், அம்மா. எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டாம்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் கேட்டதை நீங்கள் செய்துவிட்டீர்கள். விண்ணப்பத்தை நான் கொடுக்கவில்லை.

நீங்கள் பதிலுக்குக் காத்திருந்த ஏப்ரலில் எங்களைக் கிழக்குப் பாலைவனத்துக்குக் கூட்டிப் போனார்கள். கூடாரத்தில் தங்கினோம். பேராசிரியர் ஒரு பாறையைக் காட்டி, இதைப் பற்றிச் சொல் என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். "சரி, அடுத்த வருஷம் அதையே தேடு" என்றார். அவ்வளவுதான். அங்கே யாரும் எனக்காகக் கை தட்டவில்லை. வீட்டுக்கு வரவேண்டும் என்று அதுவரை இருந்த ஏக்கம் அன்று குறைந்துவிட்டது. அது குறைந்ததை உங்களுக்கு எழுதாமல் இருந்ததும் ஒரு பொய்தான்.

உங்கள் மேல் கோபத்தால் இங்கே இருக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன். தெருவில் என்ன சொன்னாலும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கொள்வோம். ஷவ்கியின் அம்மா வீட்டுக்கு நானும் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு முறை நீங்கள் இங்கே வாருங்கள். அப்பாவின் ரயில்வே பாஸில் வரலாம். என்னை இந்த ஊருக்கு அனுப்பியது நீங்கள். அது எப்படி இருக்கிறது என்று நீங்கள் இன்னும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

உங்கள் மகள்,
நிஹால்