ஒரே பக்கம் குவிந்த துளைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ பயிற்சி முகாமுக்குப் போன பெருமையைச் சொல்ல மாடி மாடியாக ஏறி இறங்குகிறாள். வலி எப்படி இருக்கும்? அப்பா கடைக்கு வருகிறவர்களை உன் கதையைக் கேட்காமல் விடுவதில்லை.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய். தோற்றதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறாய் போல. அதற்கில்லை.

நாம் துப்பாக்கி சுடப் பழகிய நாட்களை நினைத்துப் பார். சுவரில் கறுப்புப் பொட்டு ஒட்டி, தண்ணீர் பாட்டிலைக் கையில் நீட்டிப் பிடித்து, நடுங்காமல் நிற்கப் பழகினோம். பாத்திரம் கழுவச் சொன்னா கை வலிக்குதுங்கறீங்க, பாட்டிலைத் தூக்கிட்டு நிக்க மட்டும் வலிக்கலையா என்று அம்மா திட்டுவாள். கிளப்பில் நம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஏர் பிஸ்டலைத்தான் கொடுத்தார்கள். குறிபார்க்கும் சைட்டின் திருகை ஒருத்தி தொட்டால் இன்னொருத்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நமக்குள் பேசி வைத்திருந்தோம்.

அணித் தேர்வில் கடைசியாக மிஞ்சியது ஒரே இடம். அதற்குப் போட்டி நாம் இருவர். நீ முதலில் சுட்டு முடித்து, பிஸ்டலைத் துடைத்து என் கையில் கொடுத்தாய். நல்லா சுடுடி என்றாய். சோதனைக்கு நான் சுட்ட குண்டுகள் எல்லாம் இடப்பக்கம் கீழே போய் விழுந்தன. சிதறவில்லை, ஒரே இடத்தில் குவிந்தன. கை கெட்டால் சிதறும், சைட் நகர்ந்தால் ஒரே பக்கம் குவியும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். சட்டென்று எனக்கும் அதுதான் தோன்றியது. அதனால்தான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் நாற்காலியில் இருந்தாய். என் டார்கெட் உனக்கும் திரையில் தெரிந்தது. ஆள்காட்டி விரலை உயர்த்தி மெதுவாக மடக்கிக் காட்டினாய். விரல் அவசரப்படுகிறது, விசையை நிதானமாக இழு என்று அர்த்தம். நான் திருகைத் தொடவில்லை. என் கண்ணை நம்பாமல் உன்னை நம்பினேன். போட்டி முழுக்க என் விரலையே திட்டிக்கொண்டு சுட்டேன். வடிகட்டின முட்டாள் நான்.

மறுவாரம் கிளப்பில் பிஸ்டலை மணல் பையின் மேல் வைத்து, அசையாமல் சுட்டுப் பார்த்தேன். அதே இடப்பக்கம், அதே கீழே. திருகைத் திருப்பினேன், குண்டு நடுவில் விழுந்தது. உன் சௌகரியத்துக்குத் திருப்பிவிட்டுச் சொல்ல மறந்திருப்பாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சரி, அதை மறந்திருக்கலாம். விரலைக் காட்டினாயே, அதை எதில் சேர்ப்பது?

நீ கேட்டிருந்தால் விட்டுக் கொடுத்திருப்பேன் என்று பெரிய மனசோடு எழுத ஆசைதான். கொடுத்திருக்க மாட்டேன். எனக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. நேராகத் தோற்றிருந்தாலும் உன்னிடம் வந்துதான் அழுதிருப்பேன். அன்றும் அதைத்தானே செய்தேன்? பஸ்ஸில் உன் மடியில் படுத்து அழுதேன். நீ என் தலையைக் கோதிக்கொண்டே வந்தாய். அக்கா, என்னால் தாங்க முடியாதது அதுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. கோச் கேட்டதற்குக் கை நடுங்கிவிட்டது என்றேன். அம்மாவிடமும் அதேதான்.

அங்கே நன்றாகச் சுடு. வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். என்னை இப்படி ஆக்கிவிட்டு நீயும் தோற்று வந்தால் யாருக்கு என்ன லாபம்? நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, ஜெயித்து வா.

மன்னிப்பெல்லாம் கேட்டு எழுத வேண்டாம். நீ வந்து இறங்கியதும் அம்மா நம்மைச் சேர்த்து நிற்க வைத்து போட்டோ எடுப்பாள். அவளுக்காக நான் சிரிப்பேன். அப்போது என் தோளில் மட்டும் கை போட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் தங்கை