கம்பளி சலவைக்கு வரும் வாரம்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் நலம். இப்படி எழுதுவதிலேயே எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள். உறையின் மேலிருக்கும் முத்திரையைப் பார்த்திருப்பாய். ஆமாம், உன் ஊருக்கு முந்தைய ஊர்தான். விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன், வெளியே ஏரி. உன் அண்ணன் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி, நான் கதை அளக்கிறேனா என்று மேற்பார்வை பார்க்கிறார். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் “ஐயோ அண்ணி” என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதமென்றால் குறுக்கே பேச முடியாது.

குளிர்காலத்தில் நீ எழுதியது என் கைப்பையில்தான் இருக்கிறது. கண்டத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு அவரை இழுத்து வர வேண்டாம், “அண்ணன் அங்க உயிரோட இருக்கார்ங்கிற நினைப்பே எனக்குப் போதும்” என்று எழுதியிருந்தாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கப் போய் விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட நாளிலிருந்து அவர் உடம்புக்கு வியர்க்கவும் தெரியாது, நடுங்கவும் தெரியாது. வெயிலில் கொதிப்பார், குளிரில் விறைப்பார். டாக்டரும் அதைத்தான் சொன்னார். “சூடும் ஆகாதும்மா, குளிரும் ஆகாது. ரெண்டுக்கும் நடுவுல இருந்தா எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க.” நீங்கள் எல்லோரும் ‘ஆகாது’ என்பதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். என் காதில் விழுந்தது ‘எங்க வேணாலும்’.

பயண ஏஜென்சிக்குப் போனேன். நம் வழியில் புழுங்கும் கடற்கரை இருக்கிறது, பாலைவனம் இருக்கிறது, பனி மூடும் மலைக்கணவாய் இருக்கிறது, அப்புறம் உன் ஏரிக்காற்று. ஏஜென்சிக்காரர் பளபளக்கும் தாள்களை விரித்து, பாலைவனத்துக்குக் குளிர்கால சீசன், மலைக்குக் கோடை சீசன் என்றார். எனக்குச் சீசனே வேண்டாம், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்காத நாட்கள்தான் வேண்டும், அதுவும் எல்லா ஊரிலும் வரிசையாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். “இப்படி ஒத்தைக் கால்ல நிக்கிறீங்களேம்மா” என்றார் அவர். “எனக்கு அந்த வசதிகூட இல்ல சார்” என்றார் உன் அண்ணன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அந்த மனிதர் பேனாவை மூடித் திறந்தார். நல்லவர். தேதி போடாத டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நாட்களில் ரயிலில் கூட்டமிருக்காது, அறையும் மலிவாகக் கிடைக்கும் என்று வழி சொன்னவர் அவர்தான். ஆனால் அந்த நாட்கள் எந்த ஊருக்கு எப்போது வரும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வருஷத்துக்கு வருஷம் முன்னே பின்னே ஆகுமாம்.

யோசனை கடையில்தான் வந்தது. நான் சலவைக் கடைக்காரி. கம்பளிகள் மூட்டை மூட்டையாக வந்து விழும் வாரம் ஒன்று எங்களுக்கு உண்டு. குளிர் போய்விட்டது என்று ஊரே நம்பினால்தான் கம்பளியைத் துவைக்கக் கொடுப்பார்கள். ஃபேன் போடும் வெயிலும் அப்போது வந்திருக்காது. என் கடையில் அப்படியென்றால் எல்லா ஊர்க் கடையிலும் அப்படித்தானே? வழியிலுள்ள ஊர்களின் சலவைக் கடை நம்பர்களைத் தேடிப் பிடித்துப் போன் போட்டேன். “உங்க கடைக்குக் கம்பளி வர ஆரம்பிச்சிடுச்சா?” என்று கேட்டதும் முதலில் எல்லோரும் என்னைக் கழன்ற கேஸ் என்று நினைத்தார்கள். நானும் அதே தொழில்தான் என்று தெரிந்ததும் இஸ்திரிப் பெட்டி, முதுகுவலி, போகாத மஞ்சள் கறை என்று பேச்சு வளர்ந்தது. ஊருக்கு ஊர் எனக்குச் சொந்தம் முளைத்துவிட்டது.

பாலைவன ஊர்க் கடைக்காரர் “வந்தாச்சு, கிளம்புங்க” என்று சொன்ன அன்றே கடைக்குப் பூட்டுப் போட்டோம். உனக்கும் “கிளம்பிவிட்டோம்” என்று ஒரு வரி அனுப்பினேன். நீ பதில் போடவில்லை. ரயில் ஜன்னலில் மணல்மேடுகளை உன் அண்ணன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார். பிறகு, “ஆஸ்பத்திரி காரிடாரை விடப் பெருசா எதையும் பார்த்து எத்தனை வருஷமாச்சு” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ ஊற்றினேன்.

மலையடிவார ஊரில்தான் மாட்டிக்கொண்டோம். அங்கே வெயில் முந்திக்கொண்டது, மேலே மலையில் ஒரு கம்பளிகூடச் சலவைக்கு வரவில்லை. இவர் முகம் சிவந்து தலைவலி வந்துவிட்டது. அந்த ஊர்ச் சலவைக்காரம்மா துணி உலர்த்தும் பின்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள். சுற்றிலும் ஈரப் போர்வைகள் தொங்க, நடுவில் இவர். கழுத்தில் நான் நனைத்து நனைத்துப் போட்ட துண்டு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். அவரோ, “பின்னாடி அடுப்பு, முன்னாடி ஐஸ் பெட்டி. நடுவுல நமக்குன்னு ஒரு ரூம். வேற என்ன வேணும்?” என்றார்.

மூன்றாம் நாள் மலையிலிருந்து போன் வந்தது. “ஹோட்டல்காரங்க அத்தனை கம்பளியையும் கொண்டாந்து கொட்டிட்டாங்கம்மா. கடைக்குள்ள நிக்க இடமில்ல, உடனே வாங்க.” பின்னறையில் இருந்த எல்லோரும் கைதட்டினோம். கணவாய் உச்சியில் மர நிழலில் மட்டும் கொஞ்சம் பனி மிச்சமிருந்தது. வேன் கண்ணாடியை இறக்கச் சொல்லி, முகத்தில் காற்று வாங்கினார் உன் அண்ணன். ஃபேனும் இல்லை, போர்வையும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன், டிரைவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

மிச்சம் உன் ஊர்தான். உன் பள்ளிக்கூடத் தெருச் சலவைக் கடைக்கு நேற்றுப் போன் போட்டேன். நான் யாரென்று சொல்லவில்லை. ஒரு வாரமாகக் கம்பளி வருகிறது என்றாள் அந்தப் பெண். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். “எல்லாம் பழசுதாங்க. ஒரு டீச்சர் மட்டும் லேபிள்கூடப் பிரிக்காத புதுக் கம்பளியைக் கொண்டாந்து துவைக்கச் சொன்னாங்க. தொட்டுப் பார்த்துட்டு, பத்தாதுன்னு மறுபடியும் போடச் சொன்னாங்க. மூணு தடவை ஆச்சு. அவங்க அண்ணனுக்கு உடம்புல உரசினா தெரியாதாம், புண்ணாயிடுமாம், இன்னும் மெத்துன்னு வேணுமாம்.”

இதை உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. இந்த வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் ஏரியைப் பார்ப்பது போல நடிக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வந்துவிடு. அழுவதானால் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டு வா, முடியாவிட்டாலும் வா. அந்தக் கம்பளியை நான்காம் தடவை துவைக்கக் கொடுக்காதே, தொழில் தெரிந்தவள் சொல்கிறேன், அது போதும். கையோடு எடுத்து வா. ஏரிக்காற்று படாமல் உன் அண்ணனுக்கு அதை நீயே போர்த்திவிடு.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் சொல் கேளாத,
அண்ணி